ஒரே ‘அ’, நான்கு எண்கள்: பைட்டுகளைப் பெரிய முழு எண்ணாக்க எந்த வழி?

போன கிழமை நல்ல மழை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுத் தம்பி லப்டொப்பை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் தட்டினான். வெளிவாரியாக பி.ஐ.ரி. (தகவல் தொழில்நுட்பப் பட்டம்) படிக்கிறான். ஆர்எஸ்ஏ மறைகுறியாக்கத்தைச் சின்ன அளவில் எழுதிக் காட்ட வேண்டிய ஒப்படை ஒன்று, திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டுமாம். பைத்தனில் ஒரு தரமும் ஜாவாவில் ஒரு தரமும் எழுதியிருக்கிறான். ஆங்கிலத்தில் பெயரைக் கொடுத்தால் இரண்டும் ஒரே எண்ணைத் தருகின்றன. தமிழில் கொடுத்தால் பைத்தன் ஒன்று சொல்கிறது, ஜாவா மைனஸ் போட்டு வேறொன்று சொல்கிறது. “அண்ணா, இதில எது பொய் சொல்லுது?” என்றான்.

இரண்டுமே பொய் சொல்லவில்லை, அவன் கேட்ட கேள்விதான் அரைகுறை. ஆனால் அதை விளங்கப்படுத்த ஒரு பிளேன்டீயும் முக்கால் மணித்தியாலமும் தேவைப்பட்டது. அதற்குள் பைட்டுகளை முழு எண்ணாக்க இருக்கும் வழிகள் எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டோம். அந்தச் சுற்றைத்தான் இங்கே எழுதுகிறேன், எனக்குப் பிடித்தது பிடிக்காதது எல்லாம் சேர்த்து.

முதலில் எதற்கு இந்த வேலை என்று ஒரு வரி. ஆர்எஸ்ஏ எண்களோடு மட்டும்தான் பேசும், எழுத்துகளோடு பேசாது. ஆகவே எழுத்தைப் பைட்டுகளாக்கி (ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரையான ஓர் எண்), அந்தப் பைட்டுகளை வரிசையாக ஒட்டி ஒரே ஒரு பிரமாண்டமான எண்ணாகப் பார்க்க வேண்டும். அதே தேவை வேறு இடங்களிலும் வரும்: ஷா 256 என்ற ஹாஷ் (தரவின் கைரேகை மாதிரி ஒரு சுருக்கம்) தரும் 32 பைட்டுகள், சான்றிதழ்களின் தொடர் இலக்கம், யூயூஐடி என்ற 16 பைட் அடையாளக் குறி, ஐபி பதிப்பு 6 முகவரி. இவை பெரும்பாலும் சாதாரண 8 பைட் எண்ணுக்குள் அடங்காது.

சரி, ‘அ’ என்ற ஓர் எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் வழக்கமான முறையான யூடிஎஃப் 8 இல் அது மூன்று பைட்: 224, 174, 133. இதை எண்ணாக்கினால் என்ன வரும்? இடப்பக்கத்துப் பைட் பெரியது என்று வைத்தால் 224ஐ 65536 ஆல் பெருக்கி, 174ஐ 256 ஆல் பெருக்கி, 133ஐக் கூட்ட வேண்டும்: 14724741. வலப்பக்கத்துப் பைட் பெரியது என்று வைத்தால் 8761056. அதற்கு மேல், பெரிய பைட்டின் முதல் பிட்டை மைனஸ் குறியாக எடுத்தால் முதலாவது −2052475 ஆகிறது, இரண்டாவது −8016160 ஆகிறது. ஓர் ‘அ’, நான்கு எண்கள். நான்கும் அதனதன் கணக்கில் சரி.

தம்பியின் பைத்தன் 14724741 என்றது, ஜாவா −2052475 என்றது. மைனஸை மறந்துவிட்டு இரண்டையும் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். 16777216. அது 256ஐ மூன்று தடவை பெருக்கினால் வருவது, அதாவது மூன்று பைட்டுக்குள் அடங்கக்கூடிய எண்களின் மொத்தத் தொகை. உயர்தர ஐ.சி.ரி. பாடத்தில் இரண்டின் நிரப்பி என்று மனப்பாடம் செய்தோமே, அந்தச் சாமானேதான். ஆங்கில எழுத்துகள் எல்லாம் 128க்குக் கீழே இருப்பதால் முதல் பிட் எப்போதும் பூச்சியம், ஜாவா மைனஸுக்குப் போகாது. தமிழ் எழுத்துகள் எல்லாமே யூடிஎஃப் 8 இல் 224 என்ற பைட்டோடுதான் தொடங்கும். ஆகவே தமிழில் தொடங்கும் எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் ஜாவா மைனஸ்தான் தரும், ஒரு தடவைகூடத் தவறாது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு ‘வேலை செய்கிறது’ என்று அனுப்பப்படும் மென்பொருள்களைப் பற்றி எனக்கு இருக்கும் ஆத்திரத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன்.

எந்தப் பக்கம் பெரியது என்ற விஷயத்துக்கு உதாரணம் தேடி எங்கும் போகத் தேவையில்லை. நம் விலாசத்தைப் பாருங்கள்: வீட்டு இலக்கம், ஒழுங்கை, ஊர், கொழும்பு 06, இலங்கை. சின்னதிலிருந்து பெரியதுக்குப் போகிறது, அது லிட்டில் எண்டியன். தொலைபேசி இலக்கம் மறுபக்கம்: முதலில் பிரதேசக் குறியீடு, அப்புறம் மற்றது, அது பிக் எண்டியன். திகதியில் இரண்டும் அடித்துக்கொள்ளும். 05/04 என்று ஒருவர் எழுதினால் ஏப்ரலா மே மாதமா என்று அவரையே கேட்டால்தான் தெரியும். பைட்டும் அப்படித்தான், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, யாராவது சொல்ல வேண்டும். வலைப்பின்னலிலும் மறைகுறியாக்கத் தரநியமங்களிலும் பிக் எண்டியன்தான் வழக்கம். நாம் பாவிக்கும் இன்டெல், ஏஎம்டி சிப்புகள் உள்ளே லிட்டில் எண்டியன்.

இப்போது வழிகளுக்கு வருகிறேன்.

பைத்தனில் எழுதுகிறவர்களுக்கு ‘ஃப்ரம் பைட்ஸ்’ என்ற செயற்கூறு இருக்கிறது, 3.2 பதிப்பிலிருந்து. பைட்டுகளைக் கொடு, பிக்கா லிட்டிலா என்று சொல், மைனஸ் வேண்டுமா என்று சொல், எண்ணைத் தரும். வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், பைட்டுகளை ஒரே தடவையில் உள்ளே நிரப்பிவிடும். ஆனால் எனக்கு இது பிடிப்பதற்குக் காரணம் வேகம் இல்லை. இதில்தான் நான் என்ன நினைத்தேன் என்பது வரியிலேயே எழுதப்பட்டிருக்கும். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் திறந்து பார்த்தால் ‘பிக்’ என்ற சொல் கண்ணுக்கு நேரே நிற்கும். 3.11 இலிருந்து அதைச் சொல்லாமல் விட்டாலும் பிக் என்று தானே எடுத்துக்கொள்ளும் என்று மாற்றிவிட்டார்கள். வசதிதான், ஆனாலும் நான் விடுவதில்லை, நீங்களும் விடாதீர்கள். ஒன்று, அந்தச் சொல் இல்லாவிட்டால் வாசிக்கிறவருக்கு அது யோசித்து எடுத்த முடிவா மறதியா என்று தெரியாது. மற்றது, உங்கள் லப்டொப்பில் 3.12 இருக்கலாம், சேர்வரில் உபுண்டு 22.04 இருந்தால் அதோடு வருவது 3.10. அங்கே போய்ப் பிழை காட்டி நிற்கும்.

அதன் மறுபக்கமான ‘டூ பைட்ஸ்’ எத்தனை பைட் வேண்டும் என்று கேட்கும். 3.11க்குப் பிறகு அதையும் சொல்லாமல் விடலாம், விட்டால் ஒரே ஒரு பைட் என்று எடுத்துக்கொள்ளும், 255ஐத் தாண்டிய எண்ணுக்கு உடனே பிழை வரும். ‘எண்ணைப் பார்த்து அதுவே கண்டுபிடிக்கக் கூடாதா’ என்று தம்பி சலித்துக்கொண்டான். கூடாது. காரணத்தைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன், அதில் என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது.

இரண்டாவது வழி ஹெக்ஸ். பைட்டுகளை 16 அடிமான எழுத்துச் சரமாக்கி, அந்தச் சரத்தைத் திரும்ப எண்ணாக வாசிப்பது. பைத்தனில் ஃப்ரம் பைட்ஸ் வருமுன் எல்லாரும் இப்படித்தான் செய்தார்கள், இன்றும் பழைய புரோகிராம் கோடுகளில் நிறையக் காணலாம். சுற்றுவழி மாதிரித் தெரிந்தாலும் மோசமான வழி இல்லை. 16 என்பது 2இன் அடுக்கு என்பதால் மாற்றும் வேலை சரத்தின் நீளத்துக்கு ஏற்றபடிதான் கூடும், திடீரென்று வெடிக்காது. நினைவகம் இரண்டு மடங்கு போகும், அவ்வளவுதான். எப்போதும் பிக் எண்டியன், எப்போதும் மைனஸ் இல்லை, ஆகவே குழப்பமும் இல்லை. ஒரே விஷயம், வெறும் தரவைக் கொடுத்தால் ஃப்ரம் பைட்ஸ் பூச்சியம் என்று சொல்லிவிட்டுப் போகும், ஹெக்ஸ் வழி வெறும் சரத்தைப் பார்த்துப் பிழை வீசும். சில நேரம் எனக்கு அந்தப் பிழையே நல்லது என்று படும், தரவே வரவில்லை என்பது உடனே தெரிந்துவிடுகிறதே.

ஜாவாஸ்கிரிப்டில் ஹெக்ஸ்தான் கிட்டத்தட்ட ஒரே வழி. 2020ஆம் ஆண்டுத் தரநியமத்தில் பிக் இன்ட் என்ற பெரிய எண் வகை வந்தது, ஆனால் பைட்டுகளிலிருந்து நேரே செய்து தரும் ஒன்றை அதோடு சேர்க்கவில்லை. 8 பைட் வரைக்கும் டேட்டா வியூ இருக்கிறது, அதற்கு மேல் ஹெக்ஸ் சரத்துக்கு முன்னால் பூச்சியம் எக்ஸ் போட்டு பிக் இன்ட்டிடம் கொடுக்க வேண்டியதுதான். பிக் இன்ட்டை விட்டுவிட்டு, சாதாரண எண்ணாக்கும் பார்ஸ் இன்ட்டிடம் கொடுத்தீர்களோ, கதை கந்தல். அங்கே சாதாரண எண் 9007199254740991 வரைதான் நம்பலாம். அதைவிட இரண்டு கூடின எண்ணைக் கொடுத்துப் பாருங்கள், கடைசி இலக்கத்தை 3இலிருந்து 2ஆக்கிவிட்டு ஒரு சத்தமும் போடாமல் இருக்கும். பைட் கணக்கில் சொன்னால் 6 பைட் வரை பயமில்லை, 7இலிருந்து சூது.

ஹெக்ஸில் இன்னொரு பொறி இருக்கிறது, இதைக் கொஞ்சம் கிட்டப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பைட்டுக்கும் இரண்டு ஹெக்ஸ் இலக்கம் இருக்க வேண்டும். கையால் எழுதும்போது 16க்குக் குறைந்த பைட்டுக்கு ஒரே இலக்கம்தான் வரும், முன்னால் பூச்சியம் நாம் போட வேண்டும். 16, 1 என்ற இரண்டு பைட்டை எடுங்கள். சரியான ஹெக்ஸ் 1001, எண் 4097. பூச்சியத்தை விட்டால் 101, எண் 257. 1, 1 என்ற இரண்டு பைட் சரியாக வந்தால் 0101, பூச்சியங்களை விட்டால் 11, அதாவது 17. ஆனால் 17 என்ற ஒற்றைப் பைட்டுக்கும் ஹெக்ஸ் 11தான். இரண்டு வேறு தரவுகள் ஒரே எண்ணாகிவிட்டன. இனி எந்த மந்திரவாதி வந்தாலும் திரும்பப் பிரிக்க முடியாது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? தமிழ் எழுத்துகளைக் கொடுத்துச் சோதித்தால் இந்தப் பிழை பிடிபடவே படாது. தமிழின் யூடிஎஃப் 8 பைட்டுகள் எல்லாம் 128 அல்லது அதற்கு மேல். ஆங்கில எழுத்துகளும் இடைவெளியும் 32க்குக் கீழே போகாது. ஆக, மைனஸ் பிழையைக் காட்டிக்கொடுத்த தமிழ் இந்தப் பிழையை மூடி மறைக்கும். யாராவது ஒரு வரி முடித்து என்டர் அடிக்கிற வரைக்கும் எல்லாம் நல்லாக இருக்கும், அந்த என்டர் 10 என்ற பைட். மாறாக ஷா 256 மாதிரிச் சீரற்ற 32 பைட்டைக் கொடுத்தால் உடனே அகப்படும். ஒரு பைட் 16க்குக் குறைவாக இருக்க வாய்ப்பு பதினாறில் ஒன்று, 32 பைட்டில் ஒன்றாவது அப்படி இருக்க வாய்ப்பு 87 சதவீதம். ஆகவே இந்த வேலைக்குச் சோதனைத் தரவாகப் பெயர்களைப் போடாதீர்கள். 0, 1, 16, 127, 128, 255 என்று ஓரங்களில் நிற்கும் பைட்டுகளைப் போடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட்காரர்களுக்கு இதே இடத்தில் இன்னொரு அடி உண்டு. பைட் அணியின் மேல் நேரே மேப் (ஒவ்வொன்றாக எடுத்து மாற்றித் தரும் செயற்கூறு) போட்டு ஹெக்ஸாக்கினால், அந்த அணி எண்களை மட்டுமே வைத்திருக்கும் என்பதால் நீங்கள் தந்த சரத்தைத் திரும்ப எண்ணாக்கி வைத்துக்கொள்ளும். முதலில் சாதாரண அணியாக மாற்றிவிட்டு மேப் போடுங்கள். நோட் ஜேஎஸ் என்றால் பஃபரிடமே ஹெக்ஸ் கேட்டு வாங்கலாம், பூச்சியத்தையும் அதுவே போட்டுத் தரும், கையால் எழுத வேண்டிய பாவம் இல்லை. பிஎச்பியில் ‘பின் டூ ஹெக்ஸ்’ செய்து ஜிஎம்பி என்ற பெரிய எண் நூலகத்திடம் கொடுக்கலாம், அல்லது ‘ஜிஎம்பி இம்போர்ட்’ இருக்கிறது, அதுதான் நேர்வழி. ‘ஹெக்ஸ்டெக்’ பக்கம் போகாதீர்கள். எண் பெரிதானால் அது தசமப் புள்ளி எண்ணாக மாறி, கடைசி இலக்கங்களைத் தின்றுவிடும்.

மூன்றாவது, பள்ளிக்கூட வழி: ஒரு லூப். எண்ணை 256 ஆல் பெருக்கு, அடுத்த பைட்டைக் கூட்டு, திரும்பச் செய். தம்பி முதலில் எழுதியிருந்தது இதுதான். விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை, நேர்முகத் தேர்வில் கேட்டாலும் இதைத்தான் எழுத வேண்டும். பிரச்சினை என்னவென்றால் ஒவ்வொரு சுற்றிலும் அதுவரை சேர்ந்த முழு எண்ணும் புதிதாகப் பிரதி எடுக்கப்படுகிறது. ஆர்எஸ்ஏ சாவி 2048 பிட், அதாவது 256 பைட், அதற்கு மொத்தமாகப் பிரதியாவது ஏறத்தாழ 32 கேபி, கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. ஒரு மெகாபைட் படத்தை இப்படி எண்ணாக்கப் போனால்? பத்து லட்சம் சுற்று, சுற்றுக்குச் சராசரி அரை மெகாபைட் பிரதி, கூட்டிப் பார்த்தால் 500 ஜிபி அளவு நினைவகத்துக்குள் அங்கேயும் இங்கேயும் இழுபடும். விசிறி போடும் சத்தத்தில் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் போகிறதோ என்று நினைப்பீர்கள். ‘லூப் மெதுவானது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் ஆட்களும் பிழை, ‘எனக்கு வேகமாகத்தானே ஓடுகிறது’ என்கிறவர்களும் பிழை. நீளம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும், அதுதான் விஷயம்.

ஆனால் லூப்பே சிறந்தது என்ற ஓர் இடமும் உண்டு. பெரிய எண் உங்களுக்கு வேண்டாம், அதை ஏதோ ஒன்றால் வகுத்த மீதி மட்டும் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக ஒரு ஹாஷை வைத்துப் பத்து சேர்வரில் எதற்கு அனுப்புவது என்று பார்க்கிறீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் மீதியை எடுத்துவிட்டால் எண் வளரவே வளராது, பெரிய எண் நூலகமே தேவைப்படாது. சீ மொழியில் சின்னக் கருவிகளுக்கு எழுதுகிற நண்பர்கள் இதைத்தான் செய்வார்கள்.

பைத்தனில் ஸ்ட்ரக்ட் என்ற தொகுதியும் இருக்கிறது, ஆனால் ஓர் எண்ணுக்கு 8 பைட் வரை மட்டும்தான். ஒரு கோப்பின் தலைப்பில் பல சிறிய எண்கள் வரிசையாக இருந்தால் அது அருமையான சாமான், பெரிய எண்ணுக்கு இரண்டு துண்டாக வாசித்து ஒட்ட வேண்டும், தேவையில்லாத வேலை. பைட்டுகளை ஒன்றும் பூச்சியமுமாக நீட்டி 2 அடிமானத்தில் வாசிக்கும் வழியையும் சிலர் எழுதுகிறார்கள். எட்டு மடங்கு நீளமான சரம், எந்த இலாபமும் இல்லை, கடந்து போவோம்.

இனி தம்பியின் ஜாவா. அங்கே பிக் இன்டிஜர் என்ற பெரிய எண் வகைக்கு வெறுமனே பைட் அணியைக் கொடுத்தால் அதை மைனஸ் சாத்தியமுள்ள எண்ணாகவே வாசிக்கும், பிக் எண்டியனில். மைனஸ் வேண்டாம் என்றால் முன்னால் ஓர் 1ஐக் கொடுக்க வேண்டும், ‘இது கூட்டல் எண், குறியைப் பைட்டுக்குள் தேடாதே’ என்று அர்த்தம். அவ்வளவுதான் அவன் கோட்டில் இருந்த பிழை, ஓர் 1. எனக்கு ஜாவாவின் இந்த வடிவமைப்பு பிடிக்காது. பொதுவாகத் தேவைப்படுவதற்குக் கூடுதலாக எழுத வேண்டும், அரிதாகத் தேவைப்படுவது சும்மா கிடைக்கிறது. திரும்பப் பைட்டாக்கும்போதும் அதே கதை. 2048 பிட் எண்ணைக் கொடுத்தால் 257 பைட் வரும், முன்னால் ஒரு பூச்சியம், மைனஸாக யாரும் வாசித்துவிடக் கூடாது என்பதற்காக. 256 எதிர்பார்த்த இடத்தில் 257 வந்து நிற்பதை ஜாவாவில் சாவிகளோடு வேலை செய்த எல்லாரும் ஒரு நாளாவது பார்த்திருப்பார்கள்.

ஜாவாவில் ‘அ’வுக்கு 63 என்று வந்தால் அது வேறு நோய். பழைய பதிப்புகளில் எழுத்தைப் பைட்டாக்கும்போது எந்தக் குறியாக்கம் என்று சொல்லாவிட்டால் இயங்குதளத்தின் குறியாக்கத்தை எடுக்கும். விண்டோஸில் அதில் தமிழ் இல்லாவிட்டால் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிடும், அதன் இலக்கம் 63. ஜாவா 18 இலிருந்து யூடிஎஃப் 8 என்று ஆக்கிவிட்டார்கள். இருந்தாலும் எழுதிவிடுங்கள், ஒரு சொல்தானே.

சி ஷார்ப் இன்னும் சுவாரசியம்: அங்கே பிக் இன்டிஜர் லிட்டில் எண்டியன், மைனஸும் உண்டு. ஜாவாவிலிருந்து வரி வரியாகப் பெயர்த்தால் பிழை ஒன்றும் காட்டாமல் முற்றிலும் வேறு எண்ணைத் தரும். டொட் நெட் கோர் 2.1 இலிருந்து மைனஸ் வேண்டாம், பிக் எண்டியன் வேண்டும் என்று இரண்டையும் சொல்ல வழி இருக்கிறது. அதற்கு முந்தியதில் பைட்டுகளைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசியில் ஒரு பூச்சியம் சேர்க்க வேண்டும். கோ மொழியில் ‘செட் பைட்ஸ்’, பிக் எண்டியன், மைனஸ் இல்லை, பேச்சே இல்லை.

இப்போது என் கதை. பல வருஷங்களுக்கு முன், ஒரு வேலையில், 16 பைட் அடையாளக் குறிகளை எண்ணாக்கிச் சேமித்துவிட்டுத் தேவைப்படும்போது திரும்பப் பைட்டாக்கும் கோட் ஒன்றை நான் எழுதினேன். எத்தனை பைட் என்று சொல்லாமல், எண்ணின் அளவைப் பார்த்து அதுவே தீர்மானிக்கட்டும் என்று விட்டேன். எல்லாச் சோதனையும் தாண்டியது. அப்புறம் சிலருக்கு மட்டும் உள்ளே நுழைய முடியவில்லை என்று முறைப்பாடு. அவர்கள் வேறு வேறு ஊர், வேறு வேறு ஃபோன், ஒரு தொடர்பும் இல்லை. மூன்று நாள் மண்டையைப் போட்டு உடைத்த பிறகுதான் தெரிந்தது, அவர்களுடைய குறியின் முதல் பைட் பூச்சியம். எண்ணுக்கு முன்னால் நிற்கும் பூச்சியத்துக்கு மதிப்பில்லை, ஆகவே திரும்பி வந்தது 15 பைட். 256 பேரில் ஒருவருக்கு இது நடக்கும், என் மேசையில் இருந்த சோதனைக் குறிகளோ நாற்பதுதான்.

எக்செலில் 077 என்று தொடங்கும் ஃபோன் இலக்கங்களை ஒட்டிவிட்டு முன்னால் நின்ற பூச்சியத்தைத் தேடாத ஆள் நம்மில் யார்? கொழும்பு 06 அங்கே வெறும் 6 ஆகிவிடும். அதேதான் இது. ஆர்எஸ்ஏயின் தரநியமமான ஆர்எஃப்சி 8017 இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது: எண்ணைப் பைட்டாக்கும் செயலுக்கு நீளத்தையும் கட்டாயமாகக் கேட்கிறது. பைத்தனும் நீளம் கேட்பதற்கு இதுதான் காரணம். கிரிப்டோ நூலகங்களில் ‘லோங் டூ பைட்ஸ்’ மாதிரி, நீளம் சொல்லாமல் விடக்கூடியவை இருக்கின்றன, மறைகுறி உடைக்கும் போட்டிகளுக்கு நல்லது, பாவனைக்குப் போகும் கோட்டுக்கு நான் விடமாட்டேன். நீளம் முன்கூட்டியே தெரியாத தரவென்றால் ஒரு பழைய தந்திரம் இருக்கிறது: எண்ணாக்குமுன் தரவின் முன்னால் 1 என்ற ஒரு பைட்டை ஒட்டிவிடுங்கள், திரும்பி வந்ததும் அதைக் கழற்றிவிடுங்கள். பின்னால் எத்தனை பூச்சியம் இருந்தாலும் அந்த 1 காவல் நிற்கும்.

பைத்தனில் இன்னொன்று, மாற்றம் சரியாக நடந்தும் பிழை மாதிரித் தெரிவது. எண்ணை அச்சிட்டுப் பார்க்கலாம் என்று பிரின்ட் போட்டால் பெரிய எண்ணுக்குப் பிழை வீசும். 2022 செப்டம்பரில் வந்த பாதுகாப்புத் திருத்தத்தோடு தசம அடிமானத்தில் 4300 இலக்கத்துக்கு மேல் மாற்ற விடுவதில்லை, வேண்டுமென்றே பெரிய எண்ணைக் கொடுத்துச் சேர்வரை முடக்காமலிருக்க. பைட் கணக்கில் அது ஏறத்தாழ 1785, தமிழ் என்றால் 600 குறியீட்டுக்குள். ஃப்ரம் பைட்ஸுக்கும் ஹெக்ஸுக்கும் அந்த வரம்பு இல்லை. அதனால் பார்ப்பதற்கு ஹெக்ஸில் அச்சிடுங்கள், வரம்பை உயர்த்தப் போகாதீர்கள். அதோடு, ஹெக்ஸில் பார்த்தால் பைட்டுகள் அப்படியே கண்ணுக்குத் தெரியும், தசமத்தில் ஒன்றும் தெரியாது.

அதனால்தான் இரண்டு மொழிகளுக்கிடையே எண் போக வேண்டும் என்றால் நான் ஹெக்ஸ் சரமாக அனுப்பச் சொல்வேன். ஜேசனில் (மென்பொருள்கள் தரவைப் பரிமாறும் எழுத்து வடிவம்) பெரிய எண்ணை எண்ணாகவே போட்டால் மறுபக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் அதை உருட்டிவிடும், பிக் இன்ட்டாக வைத்து ஜேசனாக்கப் போனால் முடியாது என்று பிழை தரும். ஒரே மொழிக்குள் என்றால் அந்த மொழியின் நேர்வழி: பைத்தனில் ஃப்ரம் பைட்ஸ், ஜாவாவில் முன்னால் 1 வைத்தது. ஹெக்ஸைக் கையால் எழுதவே வேண்டாம், இருக்கும் செயற்கூற்றைக் கேளுங்கள்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும், எண்ணாக்கத்தான் வேண்டுமா? இரண்டு ஹாஷ் சமமா என்று பார்க்க எண் தேவையில்லை, பைட்டையே ஒப்பிடலாம். ஒரே நீளமான, மைனஸ் இல்லாத, பிக் எண்டியன் பைட்டுகளை அகர வரிசை மாதிரி ஒப்பிட்டாலும் எண் வரிசைதான் வரும். என் அந்த 16 பைட் குறிகளை நான் எண்ணாக்கியிருக்கவே கூடாது, கூட்டிக் கழிக்கிற சாமானா அது? தரவுத்தளத்தில் 16 பைட் பைனரியாகவே போட்டிருந்தால் மூன்று நாள் மிச்சம்.

தம்பி அங்கேயே இருந்து ஜாவாவில் அந்த 1ஐச் சேர்த்தான். ‘அ’ 14724741 என்று இரண்டிலும் வந்தது, ‘கொழும்பு’ என்று போட்டான், 24 பைட், 58 இலக்க எண், இரண்டிலும் ஒன்றே. மழையும் விட்டிருந்தது, பையை எடுத்துக்கொண்டு போனான். இரவு ஒன்பதரைக்குத் திரும்ப ஒரு செய்தி: “அண்ணா கோப்பிலிருந்து வாசித்தா திரும்பப் பிழைக்குது, ‘அ’ இப்ப 3769533706.” 256 ஆல் வகுத்து மீதி என்ன என்று பார் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் வந்தது: “10. என்டர் அடிச்சிருக்கிறன்.”